சோர்ஸ் பட்டன் மேல் ஒரு கறுப்பு டேப்

போன மாதம் ராயபுரத்தில் என் வீட்டுக்குப் புது டிவி வந்தது. மாட்டுவதற்குக் கடையிலிருந்து ஒரு தம்பி வந்தபோது நான் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வேலை சுத்தமாக முடிந்திருந்தது. செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார், நெட்டில் படம் பார்க்கிற ஸ்டிக், பேரன் கேம் ஆடுகிற பெட்டி, நான்கையும் ஒரே டிவியில் சேர்த்து, ஒயர்களைப் பின்பக்கம் ஒழுங்காகக் கட்டியிருந்தார். பரவாயில்லையே என்று மெச்சிக்கொண்டே ரிமோட்டை எடுத்தேன். சோர்ஸ் பட்டன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

“அத்த தொடாதீங்க. தொட்டா எல்லாம் அழிஞ்சிடும்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போச்சு” என்றாள் என் மனைவி. முப்பத்தோரு வருஷம் டிவி மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவள் அவள். எனக்குப் பல் வலி போன இடம் தெரியவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது.

அந்தத் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன். கடையில் எல்லோரும் இப்படித்தான் ஒட்டுகிறோம், ஒட்டிவிட்டால் கம்ப்ளெயின்ட் வராது என்று நல்ல பிள்ளையாகச் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் அந்த டேப்பை அதிகம் ஒட்டியவன் நான்தான். அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லோரிடமும் சேர்த்தே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கோபமாகத்தான் சொல்லப்போகிறேன். பாதிக் கோபம் என் மேல்.

டிவி ஒன்று, அதில் செருகியிருக்கும் பெட்டிகள் நான்கு. எந்தப் பெட்டியின் படம் திரைக்கு வர வேண்டும் என்று சொல்கிற பட்டன்தான் சோர்ஸ். தெரியாமல் அமுக்கினால் சிக்னல் இல்லை என்று திரை கறுத்துவிடும். டிவி போய்விட்டது என்று நமக்குப் போன் வரும். வெயிலில் வண்டியை விரட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வர வேண்டும். எரிச்சல் வரும். இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த எரிச்சலுக்கு என் முதல் முதலாளி கண்டுபிடித்த மருந்து டேப்.

அவர் பெயர் வேண்டாம். தண்டையார்பேட்டையில் கடை வைத்திருந்தார். செத்துப்போன டிவி போர்டைக்கூடத் தட்டி எழுப்பிவிடுகிற கை அவருக்கு. அவரிடம் நான் கற்றுக்கொண்டதில் பாதி உருப்படியான வித்தை, மீதி இந்த மாதிரி. “கஸ்டமரு கைக்கு மூணு பட்டன் போதும். பவரு, சேனலு, சவுண்டு. மத்தத மூடு. இல்லாங்காட்டி உன்ன கூப்டுகினே இருப்பான்” என்பார். டேப்பை மட்டும் ஒட்டினால் அதன் மேலேயே அமுக்கிவிடுவார்கள் என்று, அடியில் ஒரு சின்ன அட்டைத் துண்டு வைத்து ஒட்டச் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக வீட்டுக்காரர்களிடம் சொல்ல ஒரு வாசகம். தொட்டால் செட்டிங் எல்லாம் அழிந்துவிடும், அப்புறம் கம்பெனிகூடப் பொறுப்பேற்காது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய் அது. ஒன்றும் அழியாது. ஒரு தடவை அமுக்கித் தப்பான படம் வந்தால் இன்னொரு தடவை அமுக்கினால் சரியாகிவிடும். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிவியைச் சொந்தமாக வைத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியக் கூடாதாம். என்ன நியாயம் இது? கேட்டால், படிக்காத ஜனங்கள், சொன்னாலும் புரியாது என்கிறீர்கள். நானும் இதே வாயால் அதைச் சொல்லியிருக்கிறேன். புரியும்படி சொல்லத் துப்பில்லாதவன் கண்டுபிடித்த சாக்கு அது.

எர்ணாவூரில் தேசம்மா என்று ஒருவர் இருக்கிறார். மறுகுடியமர்வுக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து எர்ணாவூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர். கணவர் விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர், போனால் வாரக்கணக்கில் கடலில்தான். ஒரே மகள் ஷாலினி. குத்துச்சண்டை வீராங்கனை. அந்த விளையாட்டை வைத்தே வடக்கே ஒரு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்ட பெண்.

மகள் சண்டை போடுவதைத் தேசம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லாப் போட்டியும் வெளியூரில். நெட்டில் நேரலையாகக் காட்டுகிறார்கள், ஆனால் தேசம்மாவுக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்லை. ஏலத்தில் பத்து ஆளுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனின் விரல் அசைவு தெரியும், கையில் இருக்கிற போன் திரை தெரியாது. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் மீன் தண்ணி தெறிக்கிற இடத்தில் கண்ணாடி எதற்கு என்பார். அதனால்தான் ஷாலினி தன் சம்பளத்தில் பெரிய டிவி ஒன்றும், நெட்டுக்கு ஸ்டிக்கும் வாங்கி அனுப்பினாள். அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே அடுத்த போட்டியைப் பார்க்க வேண்டும். அந்த டிவி வந்ததே அதற்காகத்தான்.

சில வருஷத்துக்கு முன்னால் அதை மாட்டப் போனவன் நான். ஸ்டிக் ஒன்று, செட்டாப் பாக்ஸ் ஒன்று. அது போதாதென்று தேசம்மா கணவரின் ஹோம் தியேட்டர், அவர் பழைய பாட்டு கேட்கிற டிவிடி பிளேயர். டிவியிலோ பெட்டிகளைச் செருகுகிற எச்டிஎம்ஐ துளை இரண்டுதான். நான்கையும் இடித்துப் பிடித்துச் சேர்த்து, ஸ்டிக்குக்கு மாற்றினால் போட்டிச் சேனலே வரும்படியும் வைத்துவிட்டேன். அதில் எனக்கு அன்றைக்குப் பெருமைகூட. நடுவில் ஷாலினி போனில் வந்தாள். “அண்ணா, அம்மாவுக்கு எப்டி மாத்துறதுன்னு நல்லா சொல்லிக் குடுத்துட்டுப் போங்கண்ணா” என்றாள். சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டு அட்டையை நறுக்கினேன், டேப்பை ஒட்டினேன், அந்த வாசகத்தையும் சொன்னேன். பாப்பா போட்டி வரும்போது எனக்கு ஒரு போன் அடிங்க, நானே வந்து மாற்றிவிடுகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி வாக்கும் கொடுத்தேன். தேசம்மா எனக்கு அன்றைக்கு வந்த நல்ல வவ்வால் மீன் இரண்டு பொதிந்து கொடுத்து அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்துப் போட்டி வந்தது. அரையிறுதி, சாயங்காலம் ஐந்து மணிக்கு. முதல் நாளே தேசம்மா எனக்குச் சொல்லிவிட்டார். நான்கு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றேன். கிளம்பவும் செய்தேன். ஆனால் எண்ணூர் ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. இரண்டு லாரிக்கு நடுவில் என் ஸ்கூட்டர். முன்னாலும் போக முடியவில்லை, திருப்பவும் வழியில்லை.

நாலே முக்காலுக்குத் தேசம்மா கூப்பிட்டார். “இன்னா அண்ணாத்த, எங்க கீற? பக்கத்து வூட்டு ஜனம் அல்லாரும் வந்து குந்திகினு கீறாங்க.”

“தோ வந்துகினே கீறேன்மா” என்றேன்.

இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்க வேண்டாம். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். டேப்பைப் பிரித்துவிட்டு அந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள். அரை நிமிஷ வேலை. நான் போக வேண்டியதே இல்லை. அந்த வாக்கியம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால், தொட்டால் அழிந்துவிடும் என்றாயே அது என்ன என்று கேட்பார்கள். இருபது பேர் உட்கார்ந்திருக்கிற வீட்டில் நான் பொய்யன் என்று ஆகிவிடும். லாரி நகர்ந்துவிடும், ஐந்து நிமிஷத்தில் போய்விடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மறுபடியும் போன். இந்தத் தடவை பேசியது பக்கத்து வீட்டு மலர். அவள் போனில் நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது, ஷாலினி வளையத்துக்குள் ஏறிவிட்டாள், டிவியில் மட்டும் ஏதோ சோப்பு விளம்பரம் வருகிறது என்றாள். டேப்பைப் பிய்த்துப் பார்க்கலாமா என்று அவளே கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து தேசம்மாவின் குரல் கேட்டது. “அத்த தொடாதடி. மெக்கானிக் சொல்லிக்கீறாரு. பாப்பா ஆசையா வாங்கிக் குடுத்த டிவி, போயிடப் போவுது.”

அப்போதும் நான் சொல்லவில்லை. இதோ வந்துவிட்டேன் என்றேன். என்னை நினைத்தால் எனக்கே இப்போதும் ஆத்திரமாக வருகிறது. முப்பது வருஷம் எத்தனையோ டிவியை உயிர்ப்பித்தேன் என்று பீற்றிக்கொள்கிறேனே, அந்த ஒரு நிமிஷத்தில் என் கௌரவத்தை ஒரு தாயின் கண்ணுக்கு மேலே வைத்தவன் நான். டிராஃபிக் மேல் பழி போடாதீர்கள். லாரிக்காரன் என்ன செய்வான்? என் வாயை அவனா மூடினான்?

மூன்று ரவுண்டு, நடுவில் இரண்டு இடைவெளி, எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிஷம். நான் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வாசலில் நின்றபோது ஐந்தரை. அறை நிறைய ஆட்கள். பெரிய திரையில் ஏதோ சீரியல், அதைப் பார்த்தபடி தரையில் தேசம்மா. அவர் தோளை ஒட்டி மலர், கையில் போன். பதினோரு நிமிஷமும் மலர்தான் போனைப் பார்த்து வாயால் சொல்லியிருக்கிறாள். இப்போ அடிச்சா, இப்போ வாங்கினா, இப்போ கயித்தாண்ட போயிட்டா என்று. தேசம்மா சீரியலைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறார். ஷாலினி புள்ளிக் கணக்கில் தோற்றுவிட்டாள்.

ஒருவர் முகத்தையும் பார்க்காமல் ரிமோட்டை எடுத்தேன். நகத்தால் டேப்பைக் கிள்ளிப் பிய்த்தேன். அட்டைத் துண்டு கீழே விழுந்தது. பட்டனை ஒரு தடவை அமுக்கினேன். படம் வந்துவிட்டது. வேறு யாரோ இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேசம்மா அந்த அட்டைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். “இம்மாந்தானா?” என்றார்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காசிமேட்டில் வாய் திறந்தால் ஏலக்காரனே ஒதுங்கிப் போவான் என்று பெயர் எடுத்தவர். அன்றைக்குக் குரலைக்கூட உயர்த்தவில்லை. நான்தான் உளறினேன். ஒன்றும் மோசமில்லைம்மா, முழுச் சண்டையும் நெட்டில் இருக்கும், திரும்பப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

“தோத்துட்டான்னு தெரிஞ்சிபோச்சு. இனிமே போட்டு இன்னா? அவ அடி வாங்கச் சொல்லோ நான் இங்க குந்திகினு வேண்டிக்கணும்னு தானே டிவி வாங்குனா.”

அதற்குள் ஷாலினியிடமிருந்தே போன் வந்துவிட்டது. மலர் ஸ்பீக்கரில் போட்டாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. பாத்தியாம்மா என்பதுதான் முதல் கேள்வி. தேசம்மா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“பாத்தேன்டி” என்றார்.

ரெண்டாவது ரவுண்டுல நான் குடுத்த லெஃப்ட் பஞ்ச் பாத்தியா என்று ஷாலினி கேட்டாள். தேசம்மா மலர் முகத்தைப் பார்த்தார். மலர் தலையாட்டினாள். “ஆங், பாத்தேன். சோக்கா கீது” என்றார் தேசம்மா. டிவி நல்லா தெரிஞ்சுதா, மெக்கானிக் அண்ணா வந்தாரா என்று அடுத்த கேள்வி. “வந்தாரு, அவரு இருந்துதான் போட்டாரு” என்றார். தோற்றுப்போன பெண்ணின் மனசு மேலும் நோகக் கூடாது என்று அந்தம்மா சொன்ன பொய் அது. அதில் என்னையும் காப்பாற்றிவிட்டார். என் பொய்யைத் தாங்கிப் பிடிக்க அவர் தன் மகளிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. என் வேலையில் நான் பட்ட அவமானம் எத்தனையோ உண்டு, இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகும் நான் போகவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை அன்றைக்குச் செய்தேன். ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எழுத்து அவருக்குத் தெரியாது என்பதால் ஷாலினி வீட்டில் விட்டுப்போயிருந்த நகப்பூச்சை எடுத்துச் சோர்ஸ் பட்டன் மேல் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டோம். விரலால் தடவினாலே தட்டுப்படும். அமுக்க அமுக்கத் திரையில் ஒரு பட்டியல் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும், அதில் மேலே இருப்பது செட்டாப் பாக்ஸ், அடுத்தது ஸ்டிக், அதற்கும் கீழே டிவிடி என்றேன். தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, திரும்ப அமுக்குங்கள் என்றேன். வேண்டுமென்றே தப்பாக அமுக்கிப் பார்த்தார். திரை கறுத்தது. திரும்ப அமுக்கினார். வந்தது. இப்படி நாலைந்து தடவை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகுமா? நூறு கூடை மீன் ஏலம் போகிற இடத்தில், எது யார் கூடை, யார் எவ்வளவுக்கு நிற்கிறான் என்று தலைக்குள்ளேயே வைத்திருக்கிற பெண்மணி. கூடையைக் கையால் தூக்கிப் பார்த்தே ஐஸ் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அவருக்கு நான்கு பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று புரியாதாம், நான் முடிவு செய்தேனாம். எந்தத் திமிரில் முடிவு செய்தேன்? இன்றைக்கு நீங்கள் எந்தத் திமிரில் முடிவு செய்கிறீர்கள்?

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஒரு நாளைக்கு ஏழு வீடு கொடுக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி என்று கணக்கு வைக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க எங்கே நேரம் என்பீர்கள். படம் வரவில்லை என்றால் டிவிக்காரன் செட்டாப் பாக்ஸைக் கைகாட்டுவான், அவன் ஒயரைக் கைகாட்டுவான், சவுண்ட் பார்க்காரன் இருவரையும் கைகாட்டிவிட்டுப் போய்விடுவான். நடுவில் வீட்டுக்காரர் பேஜாராகி நிற்பார். இதெல்லாம் மேலே இருக்கிறவர்கள் செய்கிற அநியாயம், அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம். ஆனால் டேப் ஒட்டச் சொல்லி எந்தக் கம்பெனியும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அது நம் கையால் நாமே செய்வது. ஒட்டுகிற நேரத்தில் பாதி போதும், ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்து இரண்டு தடவை தப்பாக அமுக்க விடுங்கள். தப்பாக அமுக்கிவிட்டுத் திரும்பி வரத் தெரிந்த வீட்டிலிருந்து உங்களுக்குப் போன் வராது.

மறுநாளே நான் டேப் ஒட்டிய வீடுகளை நினைவில் வைத்து ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தேன். சில வீட்டில் அவர்களே எப்போதோ பிய்த்து எறிந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சில வீட்டில் அப்படியே இருந்தது. ஒன்றிரண்டு வீட்டில் திட்டும் வாங்கினேன். எல்லா வீட்டுக்கும் போய் முடித்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஷாலினிக்கு அடுத்த போட்டி. இந்தத் தடவை தேசம்மா என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. சும்மா பார்க்க வா என்றார். மூன்று மணிக்கே போய்விட்டேன். அதே அறை, அதே கூட்டம், அதே மலர். நேரம் நெருங்கியதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினேன். தேசம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“கைய எடு அண்ணாத்த. நான் போட்டுக்கறேன்.”

திரையைப் பார்த்தபடியே கட்டைவிரலால் நகப்பூச்சுப் பொட்டைத் தடவி அமுக்கினார். இரண்டாவதில் நிறுத்தினார். சுவரளவு பெரிதாக ஷாலினி வந்து நின்றாள், தலையில் கவசம், கையில் சிவப்பு உறை. தேசம்மா ரிமோட்டைக் கீழே வைக்கவே இல்லை. பதினோரு நிமிஷமும் அதை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார். மகள் அடி வாங்கும்போதெல்லாம் அவர் தோள் குலுங்கியது. கடைசியில் நடுவர் ஷாலினியின் கையைத் தூக்கியபோது அறையில் கிளம்பிய சத்தத்தில் கீழ்மாடிக்காரர்கள் ஏறி வந்து பார்த்தார்கள்.

அரை மணி கழித்துப் போன் வந்தது. மலர் ஸ்பீக்கரில் போட்டாள். பாத்தியாம்மா என்று அதே கேள்வி.

“பாத்தேன், பாத்தேன். ரெண்டாவது ரவுண்டுல கைய எதுக்குடி அம்மாங் கீழ எறக்கின? மூஞ்சி தொறந்து கெடந்துது. அவ வுட்டாளே ஒண்ணு, எனுக்கு உசிரே போயிடுச்சு.”

 லைன் போய்விட்டதோ என்று மலர் போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு ஷாலினியின் குரல் மெதுவாக வந்தது.

“அப்போ இந்த தபா நெசமாவே பாத்தியாம்மா?”